கரி படிந்த மீட்டர்: மின்மயத் தணிக்கையில் கண்டவை

அஸ்தம்பட்டி தணிக்கையாளர்:
வெளிநாட்டு நன்கொடையில் தான்சானியாவில் நடந்த கிராம மின்மயத் திட்டம் ஒன்றைத் தணிக்கை செய்ய, சேலத்திலிருந்து சென்ற குழுவில் நானும் இருந்தேன். இணைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நன்கொடையின் அடுத்த தவணை வரும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. பட்டியலின் கடைசி வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. சுவரில் மீட்டர் இருந்தது, முத்திரையும் உடையவில்லை, ஆனால் எண்ணைப் படிக்க முடியவில்லை. அந்த வீட்டு மூதாட்டி உள்ளே சென்று மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து வந்து மீட்டருக்கு அருகே தூக்கிப் பிடித்தார். மீட்டரின் கண்ணாடியில் கரி படியவே, தோளில் கிடந்த துணியின் நுனியால் துடைத்துவிட்டு மீண்டும் பிடித்தார். நான் எண்ணைச் சரிபார்த்து, 'இணைப்பு உள்ளது' என்ற கட்டத்தில் குறியிட்டேன். மின்மாற்றி எரிந்து ஏழு மாதமாகிறது என்று திரும்பும் வழியில் ஓட்டுநர் சொன்னார். விளக்கு எரிகிறதா என்று கேட்கும் கட்டமே படிவத்தில் இல்லை.

ஏற்காட்டுவாசி:
படிவத்தின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை, ஐயா. எந்தப் படிவத்திலும் அடியில் குறிப்புரைக்கு இடம் விட்டிருப்பார்கள். நம் நாட்டில் 1997 வரை, ஊரின் வருவாய் எல்லைக்குள் எந்தப் பயனுக்காவது மின்சாரம் வந்திருந்தால் போதும், அது மின்மயமான கிராமம். வீடுகளில் பத்து விழுக்காட்டுக்காவது இணைப்பு வேண்டும் என்ற வரையறை 2004இல்தான் வந்தது. சேர்வராயன் மலையில் நான் பணியாற்றிய பள்ளியின் ஓட்டுக்கூரைக்கு மேலாகவே, காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் இயந்திரத்துக்கு எஸ்டேட்டின் கம்பி சென்றது. கூரைக்குக் கீழே ஒரு பல்பு கிடையாது. தணிக்கைக்கு வந்தவர் அண்ணாந்து கம்பியைப் பார்த்தார், தலையசைத்தார், தேநீர் அருந்திவிட்டு இறங்கிவிட்டார்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்பணியாளர்:
இருவரும் மேலே தொங்கும் கம்பியின் தடிமனை விட்டுவிட்டீர்கள். 'ராபிட்' என்ற தடித்த மின்கம்பிக்கு விலைப்பட்டியல் போட்டுவிட்டு, அதைவிட மெல்லிய 'வீசல்' கம்பியை இழுத்திருந்ததை ஒருமுறை நான் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான் என் கதை. இனி இத்தகைய தணிக்கைக்குச் செல்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆறு அலுமினிய இழை, நடுவே ஓர் எஃகு இழை என்பதால் இழைகளை எண்ணிப் பயனில்லை. திருகு அளவி வைத்துப் பார்த்தால் ராபிட்டின் இழை 3.35 மில்லிமீட்டர், வீசலுடையது 2.59 மட்டுமே. மின்மாற்றியின் பெயர்த்தகட்டில் உள்ள வரிசை எண், கிடங்கின் இருப்புப் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்பத்தின் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பாறை இடறும் மலைப்பகுதியில் குழி வெட்டச் சோம்பி மேலோட்டமாக நட்டுவிட்டு, முழு ஆழத்துக்கும் கூலி எழுதுவார்கள். வரிசையின் கடைக்கோடி வீட்டுக்கு மாலை ஏழு மணிக்குப் போய் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பகலில் பார்த்துவிட்டு வருவது தணிக்கையே அல்ல.

அஸ்தம்பட்டி தணிக்கையாளர்:
சூரமங்கலத்து ஐயா, நான் போனதும் மாலை ஏழு மணிக்குத்தான். ஏற்காட்டு நண்பர் குறிப்புரை பற்றிச் சொன்னதற்காக நேற்றிரவு பழைய நகலை எடுத்துப் பார்த்தேன். குறிப்புரைக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். அதில் 'ஏதுமில்லை' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.