இயன் பேங்க்ஸ்: 'எம்' போட்டு எழுதினால் இலக்கியம் இல்லையா?

பாலத்தடி:
நேற்று இன்னொரு திரியில் வாசகன்72 இப்படி எழுதியிருந்தார்: "ஸ்காட்லாந்தின் இயன் பேங்க்ஸ் 'எம்' போடாமல் எழுதியதுதான் இலக்கியம். 'இயன் எம். பேங்க்ஸ்' என்று போட்டு எழுதிய விண்வெளிக் கதைகள் எல்லாம் காசுக்கு எழுதியவை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனித் திரி.

1984-இல் முதல் நாவல் 'தி வாஸ்ப் ஃபேக்டரி' வந்தபோது, அவர் நடுப்பெயரின் முதலெழுத்தான அந்த 'எம்' வேண்டாம் என்றது பதிப்பகம். 1987-இல் விண்வெளி நாவல் 'கன்சிடர் ஃப்ளீபஸ்' வந்தபோது அவர் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். 'எம்' போட்ட இன்னொரு விண்வெளி நாவல் 'யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்' அச்சானது 1990-இல். ஆனால் அதன் முதல் வரைவு 1974-லேயே எழுதியது. ஒரு புத்தகம்கூட வெளிவராத இருபது வயதுப் பையன் அதை எந்தக் காசுக்கு எழுதினான்?

வாசகன்72:
சார், பழைய வரைவு என்றால் இலக்கியமாகிவிடுமா? என் கேள்வி ஒன்றுதான். எல்லாம் ஒரே எழுத்து என்றால் அட்டையில் இரண்டு பெயர் எதற்கு? 2009-இல் 'டிரான்சிஷன்' வந்தது. பிரிட்டனில் 'எம்' இல்லாமல், அமெரிக்காவில் 'எம்' போட்டு. அதே புத்தகம்! இது வியாபாரம் இல்லாமல் வேறென்ன?

பாலத்தடி:
நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பெயரும் பொருந்துகிறது என்றால் நடுவில் சுவரே இல்லை என்றுதானே அர்த்தம்?

'தி பிரிட்ஜ்' படித்திருக்கிறீர்களா? 1986, 'எம்' கிடையாது. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறான் ஒருவன். அவன் மனசுக்குள் கரையே தெரியாத ஒரு பாலம், அதன் மேலேயே ஒரு ஊர். எழுதியவர் வளர்ந்தது ஃபோர்த் என்ற நதியின் முகத்துவாரத்தைக் கடக்கும் ரயில் பாலத்தின் அடியில் இருக்கும் நார்த் குவீன்ஸ்ஃபெரியில். அந்த இரும்பைப் பார்த்தே வளர்ந்த கண் அது. நடுநடுவே ஒரு காட்டுமிராண்டி வாள்வீரன் வந்து பேசுவான், ஸ்காட்லாந்துப் பேச்சு காதில் விழுகிறபடியே எழுத்துக்கூட்டி. 1994-இல் 'ஃபியர்சம் எஞ்சின்' நாவலில், 'எம்' போட்டு, பாஸ்கூல் என்ற பையனுக்கும் இதே மாதிரி எழுத்துக்கூட்டல். இது ஒரே கை இல்லையா?

செங்குளவி:
அந்த பாஸ்கூல் பகுதியை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். எனக்கு 'தி குரோ ரோட்' போதும். பாட்டியின் உடலில் பேஸ்மேக்கரை எடுக்காமலே தகனம் செய்து, அது வெடிப்பதில் தொடங்கும் குடும்பக் கதை. அதில் 'எம்' இல்லை. நன்றி.

பாலத்தடி:
பத்துப் பக்கத்தில் மூடியவர் தீர்ப்பு சொல்ல வரவேண்டாம். 'யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்' எடுத்துப் பாருங்கள். ஒரு வரிசை அத்தியாயங்கள் ஒன்று, இரண்டு என்று முன்னே போகும். இடையிடையே ரோமன் எண் போட்ட இன்னொரு வரிசை பதின்மூன்றில் தொடங்கி ஒன்றுக்கு, கதாநாயகனின் பழைய வாழ்க்கைக்குள், பின்னால் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அந்த வெள்ளை நாற்காலிக்கு வரும்போது எனக்குக் கை நடுங்கியது. இதைக் காசுக்கு எழுத முடியாது.

கப்பல்காரி:
அண்ணா! நான் இப்போதுதான் பாதியில் இருக்கிறேன். நாற்காலியைப் பற்றி ஏன் சொன்னீர்கள்?

பாலத்தடி:
நாற்காலி என்றுதானே சொன்னேன்மா, வேறு எதுவும் சொல்லவில்லையே.

கப்பல்காரி:
இனி ஒவ்வொரு நாற்காலியையும் சந்தேகப்பட்டே படிக்க வேண்டும். முன்னெச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

செங்குளவி:
இவர் எப்போதும் இப்படித்தான். போன வருஷம் ஸ்டீவன்சன் திரியிலும் முடிவைப் போட்டு உடைத்தார், கேட்டவரிடம் சண்டைக்கும் போனார்.

பாலத்தடி:
ஸ்டீவன்சன் திரியில் யார் முதலில் ஆரம்பித்தது என்று அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

வாசகன்72:
நாற்காலியை விடுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அட்டையில் இரண்டு பெயர் எதற்கு?

பாலத்தடி:
சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்கிறேன். பெயரைப் பிரித்தது கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதற்காக. எழுதியவர் பிரியவில்லை. 1984 முதல் 2013 வரை 27 நாவல், அதில் 'எம்' போட்டது 12. 2012-இல் 'ஸ்டோன்மவுத்', 'தி ஹைட்ரஜன் சொனாட்டா' இரண்டும் ஒரே வருஷம் வந்தன, ஒன்று 'எம்' இல்லாமல், ஒன்று 'எம்' போட்டு. அந்த வருஷம் எந்த மாதம் இலக்கியவாதி, எந்த மாதம் வியாபாரி?

வாசகன்72:
அலமாரிக்காகப் பிரித்தது என்றால் அதுதான் வியாபாரம். நான் சொன்னதையே சொல்கிறீர்கள்.

பாலத்தடி:
கடைக்காரர் செய்வது வியாபாரம். நீங்கள் எழுதியவரைச் சொன்னீர்கள். உங்கள் வரி அந்தத் திரியில் அப்படியே இருக்கிறது, இங்கே ஒட்டட்டுமா?

கப்பல்காரி:
ஒட்டுவது இருக்கட்டும் அண்ணா. முதலில் மேலே போய் அந்த நாற்காலியை எடுங்கள்.