அக்காவுக்குப் பதிலாக நான் போட்ட கையெழுத்து

கேள்வி:
மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவை மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். நாலு நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே போகும்போது மூக்குக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

இப்போது தேறிவிட்டாள், வேலைக்கும் போகிறாள். போன வாரம் திடீரென்று, "அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா" என்றாள். மனநலக் கொள்கை என்றால் படுக்கை, மருந்து, டாக்டர் எண்ணிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அதில் இடம் உண்டா?

பதில் 1:
உண்டு. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவைப் படியுங்கள். மனநலப் பாதிப்பு உள்ளவரும் சட்டத்தின் முன் மற்றவர்களுக்குச் சமம். முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் அதைத் தர வேண்டும் என்கிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட சட்ட வழிகாட்டியும் கட்டாயச் சிகிச்சையைக் கைவிடச் சொல்கிறது. உங்கள் மேல் குற்றம் இல்லை தம்பி. அந்த நாலு நாளும் உங்கள் வீட்டுக்கு வந்து கூட நிற்க ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

பதில் 2:
நான் மனநல வார்டு நர்ஸ், பதினோரு வருஷமாக. கண்ணாடியைப் பாதுகாப்புக்கு என்று வாங்குகிறோம். ஆனால் எதிரே யார் வருகிறார் என்று தெரியாதவருக்குப் பயம் இரண்டு மடங்கு ஆகும், அதை ராத்திரி டூட்டியில் பார்த்திருக்கிறேன். 40 பேருக்கு 2 பேர் இருந்தால் உட்கார்ந்து கேட்க நேரம் ஏது? உலக அளவில் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுவதில் மனநலத்துக்குப் போவது சுமார் 2 சதவீதம்தான். இத்தாலி 1978-ல் சட்டம் போட்டு மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடியது. ட்ரியெஸ்தே நகரில் அது நிலைத்ததற்குக் காரணம், ஊருக்குள்ளேயே 24 மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள். உரிமை வேண்டுமென்றால் ஆளும் பணமும் வேண்டும்.

பதில் 3:
நானும் உள்ளே இருந்து வந்தவள்தான். அக்கா நன்றாக இருக்கும்போதே அவரை எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரைக் கூப்பிட வேண்டும், எது வேண்டாம். சில நாடுகளில் இதற்குச் சட்ட மதிப்பே உண்டு.

கேள்வி கேட்டவர்:
நேற்று ராத்திரி இருவரும் உட்கார்ந்தோம். முதல் வரி, "கண்ணாடியை எடுக்கக் கூடாது." யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சரி என்றேன்.