லேடர் சேலஞ்ச்: இன்னும் உறுத்துகிற ஆட்டம்

பள்ளத்தூர் குதிரை:
நம்ம செஸ் குழுவின் லேடர், அதாவது ஏணி மாதிரியான தரவரிசை, அதன் விதி தெரிந்ததுதானே. நமக்கு மூன்று இடம் மேலே இருப்பவர் வரை ஆட்டத்துக்குக் கூப்பிடலாம், ஜெயித்தால் அவர் இடம் நமக்கு, கூப்பிடப்பட்டவர் 48 மணி நேரத்தில் ஆடாவிட்டால் இடம் போச்சு. நான் 4-ஆம் இடம். நம்ம நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி எட்டு மணிக்கு 7-ஆம் இடத்துக்காரர் கூப்பிட்டார். வீடு நிறையப் பங்காளிகள், எங்கே உட்கார்ந்து ஆட? நோன்பன்று ஐயா இழையை, அதான் மாவில் திரி வைத்ததை, ஏற்றிக் கையில் கொடுக்கிறார், சுடரோடு வாயில் போடணும். அந்த நொடி பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நாக்கு சுட்டதுதான் மிச்சம். எடுத்துப் பார்த்தால், "வரவில்லை. 4, 7 இடமாற்றம்."

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இரண்டு நாளும் முழுக்கவா நோன்பு? பத்து நிமிட ஆட்டம்தானே. எனக்கு மேலே இருந்தவர் ஒரு மாதமாக "வெளியூரில் இருக்கேன் தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காரைக்குடியில் டீக்கடைக்குப் போனால், பக்கத்துப் பெஞ்சில் மனிதர் போனில் யாரோடோ பிளிட்ஸ் (சில நிமிட வேகச் செஸ்) ஆடிக்கொண்டிருக்கிறார்! கொஞ்சமும் பதறவில்லை. "வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க." காசும் அவரே கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் எப்படிச் சண்டை போடுவது? 48 மணி நேர விதி வந்ததே இவர் மாதிரி ஆட்களால்தான்.

கண்டனூர் கணக்கு:
எனக்கும் ஒருமுறை கரண்ட் போய் ஆட்டம் போச்சு, அது கிடக்கட்டும். குதிரை சொல்வதில் உண்மையான கோளாறு நேரம் இல்லை, இடமாற்று முறை. ஜெயித்தவர் 4-இல் நுழைந்து, மற்றவர்கள் ஒவ்வொரு படி இறங்குவதுதான் சரி. அப்போது குதிரை 5-ஓடு தப்பியிருப்பார். ஆனால் 5, 6-இல் இருந்தவர்கள் காயையே தொடாமல் இறங்குவார்கள், அதையும் யோசிக்கணும். ரேங்க்கோடு, ஆட்டப் பலத்தை எண்ணாகச் சொல்லும் ரேட்டிங்கையும் பாருங்கள். ஈலோ என்கிற ரேட்டிங் கணக்குப்படி 200 வித்தியாசம் என்றால் மேலிருப்பவர் 100 ஆட்டத்தில் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) சுமார் 76 புள்ளி எடுப்பார், 400 என்றால் 91. லிச்செஸ் என்கிற ஆன்லைன் செஸ் தளத்திலேயே யார் நம்மைக் கூப்பிடலாம் என்பதற்கு ±300 ரேட்டிங் எல்லை வைக்க வழி இருக்கிறது. இன்னொன்று, தோற்றவர் அதே ஆளை உடனே திரும்பக் கூப்பிடக் கூடாது, நடுவில் வேறொருவரோடு ஆடியிருக்கணும். வருஷத்துக்கு இரண்டு விடுப்பும் கொடுக்கலாம், சேலஞ்ச் வருவதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தால். வந்தப்புறம் சொல்வது விடுப்பு இல்லை, சாக்கு.

கோட்டையூர் ஆச்சி:
விடுப்பெல்லாம் சரி. புதுக் கணக்கோடு வருகிறவர்களை என்ன செய்வது? ரேட்டிங் 1500, பக்கத்தில் இன்னும் உறுதியாகவில்லை என்று கேள்விக்குறி. பச்சைப்பிள்ளை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். பத்தொன்பதாவது நகர்த்தலில் ராணி போச்சு. சாயங்காலம் தங்கச்சி மகன் போன் போடுகிறான், "பெரியம்மா, அது நீங்களா?"

பள்ளத்தூர் குதிரை:
கணக்கு, நான் யோசனை கேட்கவில்லையே. ரஸ்தா தம்பி, பங்காளிகள் கூடின வீட்டில் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். அந்த 7-காரரை நேற்று ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவரும் நம்ம பக்கம்தானாம். அவர் வீட்டில் ஏழு மணிக்கே இழை எடுத்துவிட்டார்களாம்.