வலைக்கு ஈயம் உருக்கிய அடுப்பு

கடலோரத்து அம்மா:

என் மகனுக்கு மூன்று வயது முடிந்தும் ‘அம்மா’, ‘தா’ இரண்டைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். “அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்றார் மாமியார். காதைச் சோதித்தார்கள், குறையில்லை. மூன்று இடம் ஏறி இறங்கினோம். நாலாவதாகப் பார்த்த இளம் டாக்டர்தான், “வீட்டுக்குள்ளேயே ஏதாவது தொழில் நடக்குதா?” என்று கேட்டார்.

நடக்கிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், அப்போதுதான் வலை வேலை. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை நாங்களே வார்ப்போம். காயலான் கடையில் பழைய பேட்டரித் தகடு மலிவு. கொல்லையில் விறகடுப்பு, இரும்புச் சட்டி. உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் பிசிறை அரத்தால் ராவுவார்கள். அந்தத் தூள் விழுந்த மண்ணில்தான் பையன் விளையாட்டு. மண் தின்கிற பழக்கம் வேறு. சில நாள் குண்டையே புளியங்கொட்டை மாதிரி வாயில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 31 மைக்ரோகிராம் ஈயம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளுமாம். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். அவனுக்கு அதுவும் குறைவு. ஈயத்தை வெளியேற்றும் மருந்து 45-ஐத் தொட்டால்தான் என்றார் டாக்டர். அடுப்பை இடித்தோம், மேல்மண்ணை வாரிவிட்டுச் சிமெண்ட் போட்டோம். இரும்புச்சத்து மருந்து கொடுத்தோம். ஒன்றரை வருடத்தில் 12-க்கு வந்திருக்கிறது. இப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறான்.

ஈயத்தால்தான் இப்படி ஆனானா என்று கேட்டேன். டாக்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ச்சி பிந்திய பிள்ளைகள் கண்டதையும் வாயில் வைப்பார்கள், அதனாலும் ஈயம் ஏறும் என்றார். எது முதலில் என்று வீட்டுக்காரர் இன்னும் ராத்திரியில் கேட்கிறார்.

தஞ்சை மருமகள்:

அக்கா, இதைப் படித்ததும் எழுந்துபோய் ரசச் சொம்பைத்தான் பார்த்தேன். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, வலைக்குப் போடுவது காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் விலை அதிகம், அதனால் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்களும் உண்டு. கலந்திருந்தால் புளித்தண்ணீருக்குக் கரையும். என் பெண்ணுக்கு ஒன்றரை வயதிலிருந்து தினமும் ரசம் சாதம். போன மாதம் சோதித்ததில் 9. பேச்சிலும் நடையிலும் அவளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டேன். “உங்க பாட்டி காலத்துல எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம்?” என்று மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. பாட்டியின் இரத்தத்தை யார் சோதித்தார்கள்?

சிறப்புக் கல்வி ஆசிரியை:

தங்கச்சி, 9 என்றதும் பயந்துவிட வேண்டாம், ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். சென்னையில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள் எழுநூற்றுச் சொச்சம் பேரைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியே 11-ஐத் தாண்டியிருந்தது. ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச்சிதறலும் கூடுதலாகத் தெரிந்தன.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என்னிடம் படித்த ஆட்டிசப் பையன் ஒருவனின் பெற்றோரிடம், உடம்பிலுள்ள உலோகத்தை எடுத்துவிட்டால் ஆட்டிசமே போய்விடும் என்று ஒருவர் சொல்லி, சொட்டு ஊசிக்கு முன்பணமும் வாங்கிவிட்டார். ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பையனின் அளவு 2. எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? இந்த மருந்து கடும் ஈய நச்சுக்கானது, ஆட்டிசத்துக்கு இல்லை. 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசப் பையன் ஒருவன், இப்படி ஊசி போட்டு இரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்தே போனான். அதைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை.

கடலோரத்து அம்மா:

டீச்சர், எங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தது. நல்லவேளை, கையில் காசில்லை.

பக்கத்து வீட்டில் இன்னும் வார்க்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன். “எங்க பிள்ளைதான் நல்லாப் பேசுதே” என்றார்கள். கோபித்து என்ன செய்ய, கடையில் வார்த்த குண்டு வாங்கினால் இரட்டைச் செலவு. அந்த வீட்டு மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்கும் தாயிடமிருந்து ஈயம் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தத் தடைக்காலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள்.