ஓணத்துக்குக் கிளம்ப எந்த நாள்? அத்தமா, உத்திராடமா, புலிக்களியா?

பவானிக்கரை: கோவையிலிருந்து நான்கு பேர், ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 2026ல் திருவோணம் ஆகஸ்ட் 26, புதன். அன்று காலை திருச்சூரில் இறங்கி மதியம் ஓண சத்யா (இலை விருந்து), 28ஆம் தேதி நாலாம் ஓணத்தன்று புலிக்களி (புலி வேஷ ஆட்டம்), இரவே ரயில். இந்தத் திட்டம் தேறுமா?

கணவாய்க்காற்று: இரண்டு இடத்தில் இடிக்கிறதுங்க. முதலில் தேதி. விடுமுறைப் பட்டியலில் திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடம்தான் முதல் ஓணம், அந்தக் கணக்கில் நாலாவது 28ஆம் தேதி வரும். புலிக்களிக்கு எண்ணுவது திருவோணத்திலிருந்து. 2023ல் திருவோணம் ஆகஸ்ட் 29, புலிக்களி செப்டம்பர் 1. 2024ல் செப்டம்பர் 15, 18. 2025ல் 5, 8. இதே வரிசையில் போனால் 2026ல் ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. 28 இரவு ரயிலேறினால் புலியின் வாலைக்கூடப் பார்க்க முடியாது.

அடுத்தது சாப்பாடு. திருவோணம் வீட்டுப் பண்டிகை. அன்று சின்ன ஹோட்டல்கள் பெரும்பாலும் திறக்காது. பெரிய ஹோட்டல்களில் முன்கூட்டியே பணம் கட்டி டோக்கன் வாங்கியவர்களுக்குத்தான் இலை. அதனால் திருவோணத்தை விட்டுவிட்டு 29 காலை போய் 30 திரும்புங்கள்.

நேந்திரன்: அறுவடைத் திருவிழா பார்க்கக் கிளம்பியவர்களைச் சாயம் பூசிய தொப்பையைப் பார்க்க அனுப்புகிறீர்களே! விளைச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் உத்திராடத்தன்று (25) குருவாயூர். அதிகாலைச் சீவேலி (சுவாமி வலம்) முடிந்ததும் கொடிமரத்தடியில் மேல்சாந்தி (தலைமை அர்ச்சகர்) முதல் குலையை வைப்பார். பிறகு ஆளாளுக்கு நேந்திரங்குலையோடு வரிசை. காழ்ச்சக்குலை என்பார்கள். வடக்காஞ்சேரி, எருமப்பெட்டிப் பக்கத்துச் செங்கழிக்கோடன் ரகத்துக்குத்தான் அங்கே மரியாதை. பொன்மஞ்சள் தோலில் செம்மை ஓடியிருக்கும். 2014லேயே புவிசார் குறியீடு வாங்கிய காய். உத்திராடத்துக்குக் குலை முற்ற வேண்டும் என்று நாள் கணக்கிட்டுத்தான் கன்றே வைக்கிறார்கள். அறுவடை என்றால் இதைச் சொல்லுங்கள்.

கணவாய்க்காற்று: எழுபது வயதுக்காரரை உத்திராடத்தன்று குருவாயூர் வரிசையில் நிறுத்தவா? ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியோடு போக வேண்டும், செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். திருச்சூருக்குத் திரும்பினால் அங்கே உத்திராடப் பாய்ச்சல், கடைசி நேரச் சாமான் வாங்க ஊரே சக்தன் மார்க்கெட்டில் நிற்கும்.

நேந்திரன்: உங்கள் புலிக்களியில் மட்டும் அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களா? மதியத்துக்கு மேல், புலிகள் ஆடி வரும் நடு ஊர் வட்டச்சாலையான சுவராஜ் ரவுண்டுக்குள் வண்டி விடமாட்டார்கள். மாலை வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

கணவாய்க்காற்று: அதற்குத்தான் காலையிலேயே புலி வேஷம் போடும் மடைக்குப் போகச் சொல்வது. வியூர், அய்யந்தோள், கானாட்டுகரை, பூங்குன்னம் என்று பேட்டைக்குப் பேட்டை புலிமடை உண்டு. விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். உடம்பு முடியைச் சிரைத்து, டெம்பரா சாயப்பொடியை வார்னிஷில் குழைத்து முதல் பூச்சு. அது காய இரண்டு மூன்று மணி நேரம் கையை விரித்தபடி நிற்க வேண்டும், உட்கார்ந்தால் மடிப்பில் சாயம் ஒட்டிப் பிய்ந்துவிடும். அப்புறம்தான் வரியும் புள்ளியும். வயிற்றில் புலிமுகம், தொப்புள் பக்கம் வாய். வயிறு குலுங்கினால் புலி உறுமும். இந்த நுணுக்கத்தை ரவுண்டில் நெரிசலுக்கு நடுவே யாரும் பார்க்க முடியாது. பெரியவர் இதைப் பார்த்துவிட்டு அறைக்குப் போகட்டும். மற்றவர்கள் மூன்று மணிக்குள் நடுவிலால் கணபதி கோயில் பக்கம் இடம் பிடியுங்கள். ஒவ்வொரு குழுவும் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நகரும்.

தோவாளைச்சரம்: இரண்டு பேருமே நெரிசலுக்குத்தான் வழி காட்டுகிறீர்கள். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தத்தன்று கொச்சிப் பக்கத்துத் திருப்பூணித்துறைக்குப் போனால் என்ன? பழைய கொச்சி ராஜாக்களின் பவனியிலிருந்து வந்த அத்தச்சமயம். காலையில் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் புறப்பட்டு, ஊர் சுற்றி அங்கேயே திரும்பும். தெய்யம், படையணி, கும்மாட்டி என்று வேஷ ஆட்டங்கள் எல்லாம் ஒரே பவனியில். 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ அங்கேயே போய் நிற்கிறது. கடை, ஹோட்டல் எதுவும் மூடியிருக்காது, அறை வாடகையும் ஏறியிருக்காது. நாளை மட்டும் பஞ்சாங்கத்தில் பாருங்கள். திருவோணத்துக்கு எப்போதும் ஒன்பது நாள் முன்பு என்று நினைக்காதீர்கள், 2025ல் அத்தம் ஆகஸ்ட் 26, திருவோணம் செப்டம்பர் 5.

அறுவடை பற்றிப் பேசுபவருக்கு ஒன்று: அத்தப்பூக்களத்துப் பூவில் பெரும்பங்கு நம் தோவாளையிலும் கர்நாடகத்துக் குண்டல்பேட்டையிலும் பறித்தது. சாம்பாருக்குக் காய் ஒட்டன்சத்திரத்திலிருந்து போகிறது. அறுவடையைப் பார்க்கக் கேரள எல்லை தாண்டவே வேண்டாம்!

நேந்திரன்: பூ உங்களுடையது, சரி. குலை அவர்களுடையது.

பவானிக்கரை: பெரியவரை வைத்துப் பார்த்தால் மடை யோசனைதான் ஒத்துவரும்போலத் தெரிகிறது. டிக்கெட்?

கணவாய்க்காற்று: முன்பதிவு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும், ஆனால் அந்த 60 ரயில் புறப்படும் ஊரின் தேதிக்கு. சென்னையில் 28 இரவு கிளம்பி 29 விடிகாலை கோவைக்கு வரும் ரயிலுக்கு ஜூன் 29 அன்றே திறந்துவிடும். 30 என்று காத்திருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். 30 ஞாயிறு. மாலை கோவைப் பக்கம் வரும் ரயில்களில் ஓணம் முடிந்து சென்னை, பெங்களூரு திரும்பும் கூட்டம் நிறைந்திருக்கும். காலையிலேயே கிளம்பி, பஸ்ஸில் பாலக்காடு வந்து அங்கே கோவை பஸ் மாறுங்கள்.

தோவாளைச்சரம்: எங்கே அறை எடுத்தாலும் ரவுண்டைப் பார்த்த ஜன்னலா என்று கேட்டு எடுங்கள். பெரியவர் அங்கிருந்தே பார்க்கட்டும்.