மலையும் காடும் இல்லாத ஊரில் எதைப் படமெடுப்பது?

தேன்சிட்டு, மன்னார்குடி

வணக்கம். உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். போன தை மாதம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். கூடவே அருகில் உள்ளதை எடுக்க 18-55, தூரத்தில் உள்ளதை இழுத்து எடுக்க 70-300 என்று இரண்டு லென்ஸ்களும் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு.

வடுவூர் ஏரிக்கு மூன்று முறை போய்விட்டேன். ஆயிரக்கணக்கில் பறவைகள் இருக்கின்றன. என் படத்தில் எல்லாம் எறும்பு அளவில் விழுகின்றன. ஓர் ஆத்திரத்தில் கரையிலிருந்த தும்பைப் பூவை எடுத்தேன். அது நன்றாக வந்துவிட்டது! அண்ணன் பார்த்துவிட்டு, "பூவை எடுக்கவா இவ்வளவு காசு கொட்டினாய்?" என்று சிரிக்கிறான். முதுமலைப் பக்கம் போனால்தான் விலங்கு கிடைக்கும், நம் ஊரில் வயலைத் தவிர என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

பணம் சேர்த்துப் பெரிய லென்ஸ் வாங்குவதா, மலைக்குப் போய்வருவதா, இரண்டையும் விட்டுவிட்டுப் பூவோடு நின்றுகொள்வதா?

உப்பளத்தான், வேதாரண்யம்

வயலைத் தவிர ஒன்றும் இல்லையா? உங்கள் அண்ணனைக் கோடியக்கரைக்கு ஒரு நடை அழைத்துவாருங்கள். 1967 முதல் சரணாலயம். 2002-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிமான் அங்கே புல்வெளியில் நிற்கும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக ஆண் மான் நிற்பதைக் காலை வெயிலில் பார்த்துவிட்டு முதுமலைப் பேச்சை எடுக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் வந்தால் பூநாரைகளையும் பார்க்கலாம். உப்பளப் பக்கம் காற்றடிக்கும், லென்ஸைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பெரிய லென்ஸ் இப்போது வேண்டாம்.

கடைமடை ஸ்டுடியோ, திருத்துறைப்பூண்டி

அம்மா, எனக்கு 61 வயது. முப்பது வருடம் கல்யாணப் படம் எடுத்தவன். ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம் என்ற காலத்துக்காரன், அதனால் இன்றைக்கும் விரல் சட்டென்று அழுத்தாது. கடையை மகனிடம் விட்ட பிறகு நானும் எல்லா இடத்துக்கும் அலைந்தேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனேன், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன், மலைக்கும் போனேன். இப்போது என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் கரையில் ஒரு கிலோமீட்டர் தூரம்தான் என் காடு. பதின்மூன்று வருடமாக அதே கரைதான்.

அது கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர வாரங்கள் ஆகும். அதுவரை வாய்க்காலுக்குள் நெருஞ்சி மஞ்சளாகப் படர்ந்து கிடக்கும். உரச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துத்தான் எடுப்பேன். (முள் சாக்கையும் துளைக்கும். இரண்டாக மடித்துப் போடுங்கள்.) அப்படிப் படுத்திருந்தபோதுதான் ஆள்காட்டி ஒன்று நாலடி தூரத்தில் நடந்து போனது. நின்றால் ஊரையே கூட்டுகிற பறவை, படுத்திருந்தவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பறவை அப்படிக் கிட்டே வந்தால் உங்கள் 70-300 போதும். தும்பைக்குக் குனிந்தீர்களே, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் பறவையும் வந்திருக்கும்.

செடி பெயர் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. களையெடுக்க வரும் பெண்கள்தான் வாத்தியார்கள். ஆரை, கொட்டி, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி என்று பிடுங்கிக்கொண்டே சொல்வார்கள். "நீ படம் எடுத்து முடி தம்பி, பிறகு பிடுங்குகிறேன்" என்று ஓர் அக்கா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்ததும் உண்டு. செடி தெரிந்த பிறகுதான் உயிர்கள் வரும் இடமும் தெரிய ஆரம்பித்தது. குளத்தில் அல்லி இலை நெருக்கமாக மிதந்தால் இலைமேல் நடக்கும் பறவையான இலைக்கோழிக்குக் காத்திருக்கலாம். அதில் முட்டையை அடைகாப்பது ஆண்தான். இதை என் மனைவியிடம் சொல்லியிருக்கவே கூடாது. அல்லியை எடுக்க வேண்டுமானால் விடிந்ததும் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்.

இது ஐப்பசி. வேலி ஓரமாகப் பாருங்கள், செங்காந்தள் ஏறியிருக்கும். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். இதழ் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும்; ஒரே கொடியில் மூன்று நிலையும் கிடைக்கும். பூவுக்கு நடுவிலிருந்து சூலகத் தண்டு நேரே நீளாமல் பக்கவாட்டில் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதை நான் கவனிக்க மூன்று வருடம் ஆயிற்று, அதுவரை சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழங்கு கொடிய விஷம், தோண்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கோரைக்குள் கானாங்கோழிக் கூடு ஒன்று கண்டேன். ஐந்து முட்டைகள். குறுக்கே இரண்டு கோரைத் தண்டு மறைத்தது. ஒடிக்கக்கூட இல்லை, வாழைநாரால் ஒதுக்கிக் கட்டினேன், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு வந்தேன். கட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. மேலே புளியமரத்தில் காக்கை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அழிக்கவில்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை. அதற்குப் பிறகு கூடு கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கரையிலிருந்த பெரிய இலுப்பை சாய்ந்தது. அதில்தான் வக்காக்கள் (இராக்கொக்குகள்) பகலில் அடைந்திருக்கும். ஒரு வருடம் அவற்றைக் காணவில்லை. பிறகு அதே புளியமரத்துக்கு வந்து சேர்ந்தன. கேமராவை எடுக்கத் தோன்றவில்லை, எண்ணிக்கொண்டு நின்றேன். பதினேழு.

வயல்காரி, நீடாமங்கலம்

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. வயல்காரர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். போன வருடம் கேமராவோடு வந்த இருவர், நத்தைகுத்தி நாரைக்காக என் நாற்றங்காலுக்குள் இறங்கி நடந்தார்கள். கேட்டால், "பறவை பறந்துவிடும், சத்தம் போடாதீர்கள்" என்று எனக்கே சொன்னார்கள்! கேட்டிருந்தால் வரப்பில் நல்ல இடமாக நானே காட்டியிருப்பேன். அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதையாவது பார்த்தார்களோ என்னவோ.

வரப்புப் பூவெல்லாம் குறைந்ததற்கு நாங்களும் காரணம்தான். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடிக்கிறோம். நான் வடக்கு வரப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பெருமைக்காக இல்லை, அந்தப் பக்கம் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எலிக்காக 'டி' வடிவில் கழி நட்டிருக்கிறோம், அந்தியில் ஆந்தை வந்து உட்காரும். தேன்சிட்டு, ஒரு ஞாயிறு வாருங்கள். ஃபிளாஷ் மட்டும் அடிக்கக் கூடாது.

தேன்சிட்டு, மன்னார்குடி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கட்டாயம் வருகிறேன்.

நேற்று எங்கும் போகவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சம்பா வயலில், கேட்டுக்கொண்டுதான், வரப்பில் படுத்தேன். ஐயா சொன்ன உரச்சாக்குக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே இல்லை. மடையான் கொக்கு ஒன்று மிக அருகில் வந்தது. நான் தும்மிவிட்டேன், போய்விட்டது. ஆனால் பயிருக்கு நடுவே தண்ணீரில் நீலமும் ஊதாவுமாக ஒரு சின்னப் பூ. இலை பளபளவென்று இதய வடிவில் இருக்கிறது. பெயர் தெரியவில்லை. படம் கொஞ்சம் ஆடிவிட்டது.

கடைமடை ஸ்டுடியோ, திருத்துறைப்பூண்டி

கருங்குவளையாக இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உள்ளே ஆறு கேசரங்கள் (மகரந்தம் தரும் தண்டுகள்) இருக்கும். ஐந்து மஞ்சள், ஒன்று மட்டும் பெரிதாக நீலம் கலந்திருக்கும். ஆடியதில் தெரியவில்லை என்றால் நாளைக் காலையே கடைக்குப் போகும் முன் போய்விடுங்கள். ஞாயிறு வரை காத்திருந்தால் களையெடுத்துவிடுவார்கள்.