பூட்டானில் பாதி, இந்தியாவில் 5 விழுக்காடு: இயற்கைக்கு ஒதுக்கிய நிலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி:
வணக்கம். என் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். பூட்டான் தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 51 விழுக்காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வைத்திருக்கிறது. இந்தியாவின் தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் சேர்ந்தே 5 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகின்றன. 2030-க்குள் உலக நிலப்பரப்பில் 30 விழுக்காட்டைக் காப்பதென்று 2022-இல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டுள்ள நிலையில், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு என்ன காரணம் சொல்வது?

பதில் 1:
அந்த 5 விழுக்காடு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களை மட்டுமே குறிக்கிறது. வனத்துறை வேறு சட்டத்தின்கீழ் வைத்திருக்கும் காப்புக்காடுகளில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வராது. பதிவேட்டில் காடு என்று இருக்கும் நிலமோ நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பூட்டானின் கணக்கில் பூங்காக்களை இணைக்கும் விலங்கு வழித்தடங்களும் அடங்கும். ஜிக்மே டோர்ஜி பூங்காவுக்குள் யாக் மேய்ப்பவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆனாலும் நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு அது. அந்த உறுதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2:
பரப்பைச் சொல்லும்போது ராஜஸ்தானின் சரிஸ்காவையும் சொல்லுங்கள். 1978 முதல் புலிகள் காப்பகமாக இருந்த அந்தக் காட்டில், வேட்டையால் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் உறுதியானது. வரைபடத்தில் காப்பகத்தின் எல்லை அப்படியேதான் இருந்தது. பிறகு 2008-இல் ரந்தம்பூரிலிருந்து புலிகளை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பதில் 3:
கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1974-இல் சரணாலயமான அந்த மலையில், சோலிகர் என்ற பழங்குடி மக்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு வைத்துவந்த சிறு தீ தடை செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உன்னிச்செடி (லான்டனா) இவ்வளவு மண்டியதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் வாக்கு. சில ஆண்டுகளுக்கு முன் சோலிகப் பெரியவர் ஒருவருடன் அங்கே நடந்தேன். பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு உன்னிமுள், சட்டைக்கை கிழிந்துவிட்டது. அவர் கைத்தடியால் புதரை விலக்கி, அடியில் வெயில் படாமல் வெளிறிக் கிடந்த ஒரு நெல்லிக் கன்றைக் காட்டினார். 2011-இல்தான் அவர்களுடைய சமூக வன உரிமை ஏற்கப்பட்டது; அதே ஆண்டில்தான் அந்த மலை புலிகள் காப்பகமும் ஆனது. "நெல்லி பொறுக்க உரிமை கிடைத்துவிட்டது, இந்தக் கன்று மரமாவதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்" என்றார் அவர்.